விதியும் விதிகளும்

தமிழில் ‘விதி’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று தலையில் எழுதப்பட்டது. மற்றது தாளில் எழுதப்பட்டது. முதலாவதை மாற்ற முடியாது என்கிறோம். இரண்டாவதை மீறலாம், திருத்தலாம், இல்லாத இடத்தில் புதிதாக இயற்றலாம். சாலை விதி, தேர்தல் விதி, தொழிற்சாலை விதி எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஒரே சொல் இரண்டையும் சுமப்பது மொழியில் நேர்ந்த தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் வேலைக்குப் போன ஒருவர் பிணமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் இந்த இரு பொருள்களுக்கும் நடுவில் ஒரு வழக்கு நடக்கிறது. ‘அவன் விதி அவ்வளவுதான்’ என்கிறது ஒரு குரல். ‘விதிகள் பின்பற்றப்படவில்லை’ என்கிறது இன்னொரு குரல். இரண்டாவது குரல் கேட்க அறிவார்ந்ததாக இருக்கும். யார் பின்பற்றவில்லை என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் மட்டும், பெரும்பாலும் செத்தவரையே அது சுட்டும்.

அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்த வள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் கொடுத்தார். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பது பழைய விவாதம். என் கேள்வி அதைவிடச் சிறியது. வேலையிடத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கில் ஊழின் பெயரைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? பொறியாளருக்கு இருக்கிறதா?

*

தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கு முதலாண்டுப் பட்டறை மறந்திருக்காது. ஃபிட்டிங், கார்பென்டரி, வெல்டிங், ஷீட் மெட்டல், ஃபவுண்டரி. இரும்புத் துண்டை அரத்தால் தேய்த்துச் சதுரமாக்குவதற்குள் உள்ளங்கை கொப்புளித்துவிடும். ஷூ போடாமல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். சட்டையை இன் பண்ணாமல் வந்தாலும் விடமாட்டார்கள். இரண்டும் ஒழுக்கம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. காலில் இரும்பு விழக்கூடும், அதற்குத்தான் ஷூ என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் மரப்பிரிவு ஆசிரியருக்கு வலக்கைச் சுட்டுவிரலின் நுனி கிடையாது. வட்ட ரம்பத்தில் போனது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அந்தக் கையைத் தூக்கிக் காட்டுவாராம். எங்களுக்கும் காட்டினார். “ஒரு நிமிஷம் கவனம் தப்பிடுச்சு தம்பிங்களா. அவ்வளவுதான். நீங்களாவது கவனமா இருங்க” என்றார். நல்ல மனிதர். எங்கள் விரல்கள் மேல் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்தபோது அந்த ரம்பம் அவருக்குப் பின்னால் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. பல்லின் மேல் காப்பு மூடி இல்லை. விரல் போன நாளிலும் இருந்திருக்காது. அந்த மூடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இழந்தது அவர், குற்றவாளியும் அவரே, சாட்சியும் அவரே. இவ்வளவு கச்சிதமாக முடிந்த வழக்கை யாரும் மறுபடி திறப்பதில்லை.

2003இல் முதுகலை படிக்க ஹனோவர் வந்தேன். ஆய்வகத்தில் நீரழுத்தச் சோதனை மேடை ஒன்றில் வேலை செய்ய வேண்டியிருந்தது. தொடுவதற்கு முன் பாதுகாப்பு அறிவுறுத்தல் கட்டாயம். ஜெர்மனில் ‘உன்டர்வைசுங்’ என்பார்கள். ஆய்வகப் பொறுப்பாளர் எங்கள் ஐந்து பேரையும் மேடையைச் சுற்றி நிறுத்திக்கொண்டு, இதில் என்னவெல்லாம் தவறாகப் போகலாம் என்று எங்களையே கேட்டார். குழாய் வெடிக்கலாம் என்றோம். எண்ணெய் தரையில் சிந்தி வழுக்கலாம் என்றான் ஒருவன். பிறகு, இந்த மேடையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டார். பேராசிரியருக்கு என்றேன் நான். இந்தச் சுற்றில் நிற்கிற எவருக்கும் என்றார் அவர். என் ஜெர்மன் அப்போது அரைகுறை. தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தேன். அவர் பேனாவைத் தரவில்லை. நடந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னார். அழுத்தினேன். மேடை நின்றது. அதன் பிறகுதான் தாள் வந்தது.

அந்த மனிதரின் நற்குணத்தை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. ஜெர்மனியின் 1996ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம், ஆபத்தை அதன் பிறப்பிடத்திலேயே எதிர்கொள்ள வேண்டும் என்றும், தனிமனிதருக்கான கவசங்கள் மற்ற வழிகளுக்குப் பின்னரே வரவேண்டும் என்றும் சொல்கிறது. உலகெங்கும் பாதுகாப்புப் பொறியியலில் கற்பிக்கப்படும் வரிசையும் இதுதான். முதலில் ஆபத்தான பொருளை அகற்று அல்லது மாற்று. முடியாவிட்டால் இயந்திரத்தில் தடுப்பு வை. அடுத்து வேலை முறையைத் திருத்து. இவையெல்லாம் செய்த பின்னும் ஆபத்து மிச்சமிருந்தால், கடைசியாக மனிதனுக்குக் கையுறையும் முகக்கவசமும் மாட்டு. ‘கவனமாக இரு’ என்பது இந்தப் படிக்கட்டின் ஆகக் கீழ்ப்படி. என் பட்டறையில் அது ஒன்றே படிக்கட்டாக இருந்தது.

இதற்குள் மனிதனைப் பற்றிய ஒரு பார்வை இருக்கிறது. மனிதன் களைப்பான். இரவு தூங்காமல் வந்திருப்பான். வீட்டில் நோயாளிக் குழந்தையை விட்டுவிட்டு வந்திருப்பான். ஒரே அசைவை ஆயிரம் முறை செய்தவன் ஆயிரத்தோராவது முறை வேறெதையோ நினைப்பான். ஒருபோதும் கவனம் தப்பாத ஒருவனுக்காக இயந்திரம் செய்யும் பொறியாளர், உலகத்தில் இல்லாத ஒருவனுக்காக அதைச் செய்கிறார்.

*

விபத்து நடந்த பின் இரண்டு கேள்விகள் எழுகின்றன. யார் குற்றம்? யார் சுமப்பது? இவை ஒரே கேள்வி என்றுதான் நாம் இயல்பாக நினைப்போம். குற்றம் செய்தவர் சுமக்கட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மனிதர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. அந்தக் கதையின் சில பக்கங்கள் நான் வாழும் இந்தப் பகுதியில் எழுதப்பட்டவை.

ஹனோவருக்குத் தென்கிழக்கே ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் கோஸ்லார் இருக்கிறது. அங்குள்ள ராம்மல்ஸ்பெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் தங்களில் நோயுற்றவர்களையும் வறியவர்களையும் தாங்குவதற்காக ஒரு சகோதரத்துவ அமைப்பு வைத்திருந்ததை 1260ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று குறிப்பிடுகிறது. மண் சரிந்தது யாரால் என்று கேட்டு முடிக்கும்வரை காயம்பட்டவனின் அடுப்பு காத்திருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1676இல் லைப்னிட்ஸ் ஹனோவர் அரசவைக்கு வந்தார். 1716இல் இறக்கும்வரை இந்த ஊர்தான் அவருக்கு வீடு. இங்குள்ள பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் வெளியான தன் நூலில் வாதிட்டவர் என்றுதான் அவரைத் தத்துவ மாணவர்கள் அறிவார்கள். தீமைகளுக்கு நடுவிலும் கடவுளின் நீதியைக் காக்க முயன்ற நூல் அது. அதே மனிதர் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, நெருப்பாலும் வெள்ளத்தாலும் இழந்தவர்களுக்காக அரசு ஒரு பொதுக் காப்புறுதி நிதி வைக்க வேண்டும் என்று குறிப்புகள் எழுதினார். இந்த இரண்டும் எனக்கு முரணாகத் தெரியவில்லை. துன்பம் ஏன் வந்தது என்பதற்கு இறையியல் ஒரு விடை வைத்திருக்கலாம். வந்த துன்பத்தை ஒருவர் தலையில் மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று அந்த விடை சொல்லவில்லை.

பிஸ்மார்க் காலத்தில், 1884 ஜூலையில், ஜெர்மன் பேரரசு விபத்துக் காப்புறுதிச் சட்டத்தை இயற்றியது. தொழிலாளர் மீது கனிவு பொங்கி வந்த சட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோசலிஸ்டுகளை ஒடுக்கும் சட்டமும் அதே அரசின் கையில் இருந்தது. ஆனால் அதன் உள்ளே ஒரு புதிய சிந்தனை இருந்தது. வேலையில் காயம்பட்ட தொழிலாளி முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. தன் கவனக்குறைவாக இருந்தாலும் அவருக்கு இழப்பீடு உண்டு. பதிலுக்கு முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையை அவர் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். முழுவதுமாக வேலைத்திறன் இழந்தவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. சந்தா முழுவதையும் முதலாளிகளே கட்ட வேண்டும். அவர்கள் துறைவாரியாகச் சங்கங்களில் சேர வேண்டும். விபத்தைத் தடுக்கும் விதிகளை எழுதும் அதிகாரம் அந்தச் சங்கங்களுக்கு உண்டு. விரல்கள் குறைந்தால் செலவு கூடும் என்பதால், காப்பு மூடி மீது பணம் கட்டுபவர்களுக்கே அக்கறை பிறந்தது.

இந்த வலை மெல்ல விரிந்தது. 1925இல் தொழில்சார் நோய்கள் பதினொன்று இதில் சேர்ந்தன. 1971 ஏப்ரல் முதல் பள்ளிப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்தார்கள். நம் பிள்ளைகள் ஹனோவரிலோ ஆகனிலோ ஆய்வகத்தில் நிற்கும்போது, அவர்கள் சந்தா எதுவும் கட்டாமலே இந்தக் காப்புக்குள் நிற்கிறார்கள். பலருக்கு இது தெரியாது.

*

இந்தியாவில் சட்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இலேயே வந்துவிட்டது. தொழிற்சாலைகள் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் 1948இல் வந்தன. போபாலுக்குப் பிறகு, 1987இல், உடனடி ஆபத்து இருப்பதாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் எழுப்பும் உரிமை தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. தாளில் குறை குறைவு. விபத்து நடந்த பிறகு நாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதில்தான் குறை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு ஓடிவந்த அக்கம்பக்கத்தார். நெய்வேலியில் 2020 மே 7 அன்று இரண்டாவது அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஐம்பத்தைந்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள். அடுத்து வந்த நாட்களில் மருத்துவமனையில் அந்த எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

இத்தகைய ஒவ்வொரு நாளும் செய்திகள் ஒரே வரிசையில் வருவதை நாம் அறிவோம். இரங்கல். நிவாரணத் தொகை அறிவிப்பு. சிலர் கைது. விசாரணைக் குழு. பிறகு அமைதி. நிவாரணம் என்பது கருணையின் மொழி. கைது என்பது குற்றத்தின் மொழி. ஊரில் பேசப்படும் விதி ஆறுதலின் மொழி. மூன்றுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு. ஆனால் மூன்றும் வெடித்த பிறகே வாய் திறக்கின்றன. மே மாதம் வெடித்ததிலிருந்து ஜூலைக்குள் என்ன கற்றோம் என்று கேட்கும் மொழி நான்காவது. அது நம் பேச்சில் மெலிந்து கிடக்கிறது. அந்த மொழியைப் பேச வேண்டியவர் பொறியாளர். கல்லூரியில் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

என் பிழைப்பு கணினி ஆலோசனை. தொழிற்சாலைகளில் விபத்துகளையும் மயிரிழையில் தப்பிய நிகழ்வுகளையும் பதிவதற்கான மென்பொருளைச் சில ஆண்டுகளாக நிறுவி வருகிறேன். ஜெர்மனியிலும் இந்தியாவிலும் ஆலைகள் வைத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே படிவத்தை எல்லா இடங்களிலும் நிறுவினோம். ஓராண்டு கழித்துத் தரவைத் திறந்தபோது, ஜெர்மன் ஆலைகளிலிருந்து தப்பிய நிகழ்வுகள் நூற்றுக்கணக்கில் வந்திருந்தன. தரையில் எண்ணெய், தளர்ந்த படிக்கட்டு, தவறாக மாட்டிய கொக்கி. ஓர் இந்திய ஆலையிலிருந்து வந்தது பூஜ்யம். கூட்டத்தில் ஒரு மேலாளர் அந்தப் பூஜ்யத்தைக் காட்டிப் பாராட்டினார். அங்கே அதுவரை பதிவான விபத்துகள் மூன்று. மூன்றுக்கும் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒரே தேர்வு: தொழிலாளியின் கவனக்குறைவு.

அந்தப் பூஜ்யத்தில் நான் படித்தது பயத்தை. கொக்கி தளர்ந்திருக்கிறது என்று சொல்பவனிடம், ‘நீ ஏன் பார்க்கவில்லை’ என்று கேட்கும் இடத்தில் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். எல்லாக் கொக்கியும் சரியாக இருப்பதாகவே கணினி காட்டும். கவனக்குறைவு என்பது காரணமாகவும் இருக்கலாம். ஆனால் அது எழுதப்பட்டவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. ‘விதி’ என்று சொன்னதும் முடிவதைப் போலவே. என் பட்டறை ஆசிரியரின் விரல், படிவத்தில் ஒரு கட்டமாக எனக்கு முன்னால் திரும்பி வந்திருந்தது.

*

இதுவரை எழுதியதைப் படித்தால், ஹனோவர் கற்றுக்கொண்டது, நாம் கற்கவில்லை என்ற எளிய கதையாகத் தோன்றலாம். அப்படி முடிக்க முடியாமல் தடுப்பது ஒரு கல். அதைத் தமிழில் கல்நார் என்கிறோம். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆஸ்பெஸ்டாஸ்.

ஹனோவரிலிருந்து மேற்கே புறநகர் ரயிலில் போனால் வுன்ஸ்டோர்ஃப் வரும். அந்நகரின் லூத்தே பகுதியில் ஃபுல்குரிட் என்ற நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பொருட்களைச் செய்தது. ஆலைக் கழிவு மேடாகக் குவிந்தது. ஆலை போன பின்னும் மேடு இருந்தது. அதைத் தோண்டி வேறு மாநிலங்களின் கிடங்குகளுக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது, அங்குள்ள மக்கள் எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று எதிர்த்தார்கள். கடைசியில் இருந்த இடத்திலேயே மூடிக் காப்பது என்றானது.

இந்த நாரின் தீமை திடீரென்று தெரியவந்தது அன்று. 1898இலேயே பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன், ஆஸ்பெஸ்டாஸ் தூசியின் கேட்டைத் தன் அறிக்கையில் எழுதினார். உருப்பெருக்கியில் அது கண்ணாடிச் சில்லு போலக் கூராக இருந்ததையும் குறித்தார். ஜெர்மனியில் ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரல் நோய் 1936இல் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டது. அதனோடு வரும் நுரையீரல் புற்று 1943இல். நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதெலியோமா 1977இல். இந்நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1993இல். முதல் அங்கீகாரத்துக்கும் தடைக்கும் இடையில் ஐம்பத்தேழு ஆண்டுகள். நார் உள்ளே போய் நோயாக வெளிவர இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். அதனால் தடை வந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும், ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஸ்பெஸ்டாஸ் சார்ந்த தொழில் நோய்களால் இறக்கிறார்கள்.

இங்கேதான் 1884இன் சிந்தனை தன் எல்லையைக் காட்டுகிறது. குற்றத்தையும் சுமையையும் பிரித்ததில் ஒரு நன்மை இருந்தது. நோயாளி நீதிமன்றப் படியேறாமல் ஓய்வூதியம் பெற்றார். நோய் வேலையால்தான் வந்தது என்று ஏற்கவைப்பதற்கு அவர் பட்ட பாடு வேறு. ஆனால் அந்தப் பிரிவினையில் ஓர் ஆபத்தும் இருந்தது. யார் சுமப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், இதை ஏன் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி தூங்கிவிடும். இழப்பீடு, தீங்குக்கான கட்டணமாக மாறிவிடும். பணம் கட்டியாயிற்று, தொடரலாம். விரல் அன்றைக்கே போனால் கணக்கில் அன்றைக்கே தெரியும். நுரையீரல் முப்பதாண்டு கழித்துப் போனால், இன்றைய கணக்கில் அது லாபம்.

பணம் தீங்கை நியாயமாக்குவதில்லை. இழந்தவரைத் தாங்குவது நம் கடமை. தெரிந்தே இழக்கவைப்பதற்கு அந்தக் கடமை அனுமதிச் சீட்டு ஆகாது. படிக்கட்டின் முதல் படி ‘அகற்று’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம். முகக்கவசமும் கட்டிடமும் இழப்பீடும் எல்லாம் அதற்குப் பிறகு.

*

நமக்கு இது பழங்கதை அன்று. இந்தியா இந்த நாரைத் தன் மண்ணிலிருந்து தோண்டுவதை நிறுத்திவிட்டு, இறக்குமதி செய்து கூரைத் தகடு செய்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலம் அவரது வாழ்வுரிமையின் பகுதி என்று 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலை தொடங்கியதிலிருந்து நாற்பது ஆண்டுகளோ, வேலை முடிந்த பின் பதினைந்து ஆண்டுகளோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. தகட்டை ஊரில் அறுக்கும் கொத்தனாரின் பதிவை யாரும் வைத்திருப்பதில்லை.

இலங்கை ஒருபடி மேலே போகப் பார்த்தது. 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி 2024க்குள் பயன்பாட்டையே நிறுத்துவது என்று திட்டமிட்டது. 2017 டிசம்பரில், இலங்கையிலிருந்து வந்த தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்கு ஆஸ்பெஸ்டாஸ் விற்கும் முதன்மை நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது. தேயிலைத் தடையும் விலகியது. இரண்டையும் செய்தித்தாள்கள் சேர்த்தே எழுதின. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் பலர் மலையகத் தமிழர்கள். அவர்கள் விளைவித்த பண்டமே, தங்கள் தலைக்கு மேலும் வரக்கூடிய கூரைக்குப் பணயமாக வைக்கப்பட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை. இதை விதி என்று யாராவது சொன்னால், எந்த மேசையில், எந்தத் தேதியில் எழுதப்பட்ட விதி என்று கேட்கலாம்.

இதை வாசிக்கும் நம்மில் பலர் இங்கே பழைய வீடு வாங்குகிறோம். 1993க்கு முன் கட்டியது என்றால் கூரையிலும் தரை ஒட்டுப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்று நண்பர்கள் எச்சரிப்பார்கள். சோதனைக்கு மாதிரி அனுப்புகிறோம். இருந்தால் தகுதிச் சான்று பெற்ற நிறுவனத்தை அழைக்கிறோம். முழு உடைக்குள் வருகிறார்கள், நனைத்துக் கழற்றுகிறார்கள், மூடிய பைகளில் கொண்டுபோகிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான யூரோ கட்டுகிறோம். அதே நாம் ஊரில் அப்பா அம்மாவுக்கு மாடியில் நிழல் போட, மாட்டுக்கொட்டகை கட்ட, கடைக்குக் கூரை வேய இங்கிருந்து பணம் அனுப்புகிறோம். தமிழ்நாட்டில் சிமெண்ட் ஷீட் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சீற் என்பார்கள். மலிவு, துருப்பிடிக்காது. அசையாமல் கிடக்கும்வரை அது பெரும்பாலும் சாது. அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் நார் காற்றில் ஏறுகிறது. அந்த வேலையைச் செய்பவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்வார், அதுவும் நினைவிருந்தால். அவருக்கு நாற்பது ஆண்டு கழித்து இருமல் வரும்போது, பணம் அனுப்பியவர் பெயரோ தகட்டின் பெயரோ எந்தப் பதிவிலும் இருக்காது. நார் ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். நாம் வைத்திருக்கும் அளவுகோல்தான் இரண்டு.

இதற்குத் தீர்வு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தொலைபேசியில் இரண்டு கேள்விகள் போதும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தகடு அங்கே கிடைக்கிறதா? இருக்கிற கூரையைப் பிரிப்பதாக இருந்தால், யார் பிரிக்கிறார்கள், நனைத்துத்தான் பிரிக்கிறார்களா? விலை கூடும் என்று பதில் வரும். அந்தக் கூடுதல் விலை முன்பும் இருந்தது. அந்த வேலையாளின் மூச்சிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதையே சொல்ல நினைக்கிறேன். அறிவுறுத்தல் தாளில் கையெழுத்திடும்போது அதை ஜெர்மானியரின் காகிதப் பித்து என்று சிரித்துவிட வேண்டாம். அதன் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவரின் விரலோ கண்ணோ மூச்சோ இருக்கிறது. உடனடியான பெரும் ஆபத்தில் வேலையை விட்டு விலகும் உரிமையை இந்நாட்டுச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. அதனால் உங்களுக்குப் பாதகம் வரக்கூடாது என்றும் அது சொல்கிறது. அந்த உரிமை உங்களுக்கு இருக்கும்போது, நாளை நீங்கள் வடிவமைக்கும் இயந்திரத்தின் முன் புனேவிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ நிற்கப்போகிறவருக்கும் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சிவப்புப் பொத்தான் இருப்பது மட்டும் போதாது. அதை அழுத்துபவர் மறுநாளும் வேலைக்கு வர முடிய வேண்டும்.

மகனை இழந்த தாய் ‘அவன் விதி’ என்று சொல்லும்போது அதைத் திருத்த எனக்கு உரிமை இல்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அடுத்த நாளைக் கடக்கிறார். இழந்தவருக்கு அந்தச் சொல் ஆறுதல். இயந்திரத்தை வரைந்தவர், ஆலையை நடத்துபவர், படிவத்தை எழுதுபவர், தகட்டுக்குப் பணம் அனுப்புபவர் யாரும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. நம் கையில் இருப்பது அந்தச் சொல்லின் இரண்டாவது பொருள். அதை நாம்தான் எழுதுகிறோம்.